பச்சைக் கோட்டில் அறுந்த தாள்கள்: காஷ்மீர ஷாநாமா பிரதியைப் பழுதுபார்க்கும் முறை

பாரசீக மன்னர் காப்பியமான ஷாநாமாவுக்குக் காஷ்மீரில் எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கவனமில்லாமல் திறந்தால், பக்கத்தின் நடுப்பகுதி மட்டும் ஜன்னல் கதவு போலக் கழன்று மேசையில் விழும். எழுத்துப் பகுதி தனி, சுற்றியுள்ள ஓரம் தனி. பிளேடு பட்டது போல நேராக இருக்கும் அந்த அறுப்பை யாரும் வெட்டவில்லை. எழுத்தைச் சுற்றிக் கட்டம் போட்ட பச்சைக் கோடுதான் 200 ஆண்டுகளாகக் காகிதத்தைத் தின்று அறுத்திருக்கிறது. பசை எவ்வளவு ஈரமாக இருக்கலாம், எந்தத் திசுத்தாள், எப்படித் தைப்பது என்று இந்த வேலையில் எடுக்கும் எல்லா முடிவும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஃபிர்தௌசி 1010-இல் முடித்த ஷாநாமா ஏறக்குறைய 50,000 ஈரடிகள் கொண்டது. காஷ்மீரில் 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஓவியங்களோடு பிரதி எடுத்து விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. பக்கத்துக்கு நான்கு பத்தி, 25 வரி என்ற அமைப்பில் ஒரு வரிக்கு இரண்டு ஈரடி, பக்கத்துக்கு 50. அப்படியே போனால் 1,000 பக்கம், அதாவது 500 தாள். தலைப்புகள், ஓவியங்கள், உரைநடை முன்னுரை எல்லாம் சேரும்போது 550 முதல் 600 தாள் ஆகிவிடும். இவ்வளவு கனமான நூலில் ஒவ்வொரு தாளிலும் இரண்டு பக்கமும் கட்டம், பத்திகளுக்கு நடுவிலும் கோடுகள். சேதம் எங்கே தொடங்கும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கட்டத்தை ஜத்வல் என்பார்கள். பொன், கருப்பு, சிவப்பு, நீலக் கோடுகளுக்கு நடுவே ஓடும் பச்சை, ஜங்கார். செம்புத் தகட்டைக் காடியில் வைத்து எடுத்த களிம்புப் பச்சை அது. அதிலுள்ள செம்பு அயனிகள் காகிதத்தின் செல்லுலோஸ் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். முதலில் பின்பக்கம் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு நிழல் விழும். அப்புறம் கோடு கருத்து நொறுங்கும். கடைசியில் அறுந்துவிடும். ஜங்கார் தடவிய ஓவியப் பகுதியும் இதே கதிக்கு ஆளாகும். பழைய பாரசீகக் குறிப்புகள் ஜங்காரோடு கொஞ்சம் குங்குமப்பூ சேர்க்கச் சொல்கின்றன. அது செம்பின் வேகத்தைக் குறைக்கிறது என்று பிற்காலச் சோதனைகளிலும் தெரியவந்திருக்கிறது.

காஷ்மீரக் கட்டங்கள் குறிப்பாக மோசமாக அறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரிவரியாக இழை கட்டிய மிஸ்தரா என்ற அட்டையின் மேல் தாளை வைத்துத் தேய்த்து வரித்தடம் எடுப்பார்கள். அந்தத் தடத்தை ஒட்டியே கட்டம் போடுவதால், முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் அநேகமாக ஒன்றின் மேல் ஒன்றாக விழும். ஒரே இடத்தில் இரண்டு பக்கமிருந்தும் செம்பு.

கழற்றுவதற்கு முன்

இது வலமிருந்து இடம் போகும் நூல். முதுகு வலப்பக்கம் இருக்கும். ஒரு தாளின் முன்பக்கம், நூலை விரித்து வைக்கும்போது இடப்பக்கம் தெரியும். பழக்கமில்லாத கை எண்களைத் தலைகீழாகப் போட்டுவிடும். மென்மையான 2பி பென்சிலால் முன்பக்கத்தின் கீழ் வெளிமூலையில் மட்டும் எண் போட வேண்டும். எல்லாத் தாளையும் இரண்டு பக்கமும் நேர்வெளிச்சத்தில் ஒரு முறை, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு முறை படமெடுக்க வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மிஸ்தராத் தடமும், கோட்டோரமாகத் தாள் தூக்கிக்கொண்டிருப்பதும் தெரியும்.

தாள் வரிசையைச் சரிபார்க்க இரண்டு வழி. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் கட்டத்துக்கு வெளியே கீழே எழுதியிருக்கும் தொடர்ச்சொல், அடுத்த பக்கத்தின் முதல் சொல்லாக வரும். அது வெட்டுப்பட்டுப் போயிருந்தால் அச்சுப் பதிப்போடு ஒப்பிட வேண்டும். இதற்கு 1829-இல் கல்கத்தாவில் டர்னர் மக்கான் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பு கைகொடுக்கும். இந்தியப் பிரதிகளில் பர்ஸூநாமா போன்ற இடைச்செருகல்கள் அடிக்கடி வரும். மக்கான் அவற்றைப் பின்னிணைப்பாகக் கொடுத்திருக்கிறார். காலேகி மொத்லாக் செய்த ஆய்வுப் பதிப்பு மூலபாடத்துக்குச் சிறந்தது. ஆனால் இந்தியப் பிரதியின் தாள்களை அடுக்க அதை மட்டும் நம்பினால் நடுவில் இருபது தாளுக்கு இடம் கிடைக்காமல் நிற்க நேரும்.

பெரிய ஆபத்து, கழன்று விழுந்த எழுத்துப் பகுதிகள். நாலைந்து தாள்களின் நடுப்பகுதிகள் ஒன்றாக விழுந்துகிடந்தால் எது எந்த ஓரத்துக்கு உரியது? தொடர்ச்சொல் இருப்பது ஓரத்தில், செய்யுள் இருப்பது நடுவில். ஓரத்திலுள்ள தொடர்ச்சொல் அடுத்த தாளின் முதல் சொல்லோடு பொருந்த வேண்டும், நடுப்பகுதியின் கடைசி ஈரடி அந்த முதல் ஈரடியோடு பொருளில் இணைய வேண்டும். இரண்டும் சரியானால்தான் ஒட்டலாம். பத்திகளே தனித்தனியாகப் பிளந்திருந்தால் எதுகைக்குப் பதில் இயைபைப் பிடிக்க வேண்டும். மஸ்னவி யாப்பில் ஒரு ஈரடியின் இரு பாதிகளும் கடைசியில் ஒலி ஒத்து முடியும். நூலின் முதல் ஈரடியே கிரத், நக்ஸரத் என்று முடிகிறது. வலப்பக்கத்துப் பத்தியின் ஈற்றுச் சொற்களும் அதற்கு இடப்பக்கத்துப் பத்தியின் ஈற்றுச் சொற்களும் வரிக்கு வரி ஒத்துவந்தால் அவை ஜோடி. பாரசீகம் சரளமாகத் தெரியாதவரும் எழுத்துக் கூட்டிப் பார்த்தே இதைச் செய்யலாம்.

பூச்சி இருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும். ஓவியங்கள் உரிந்துகொண்டிருக்கும் நூலை உறைபெட்டியில் வைப்பதைவிட ஆக்சிஜன் இல்லாமல் அடைப்பது பாதுகாப்பு. காற்றுப் புகாத உறையில் ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலங்களோடு வைத்து, அளவு 0.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபின் குறைந்தது 21 நாள் விட வேண்டும். ஓலைச்சுவடிக்குப் பழகிய கை எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தேடும். ஓலைக்கு அது நல்லது. காகிதத்தில் பட்டால் எண்ணெய்க் கறை நிரந்தரம். வேப்பிலை, வசம்பு வைப்பதும் வேண்டாம், சாறும் துகளும் தாளில் ஒட்டும். முன்தாளில் 'யா கபீகஜ்' என்று எழுதியிருக்கும் நூல்கள் உண்டு. பூச்சி அண்டாதிருக்க எழுதிய வேண்டுதல் அது. கிறுக்கல் என்று நினைத்து அந்தத் தாளை மறைத்துவிடக் கூடாது.

தண்ணீர் சோதனை

காஷ்மீரக் காகிதம் கந்தலும் சணல் நாரும் அரைத்துச் செய்தது. அரிசிக் கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். கரி மையும் கருவேலம் பிசினும் கலந்த மை அந்தப் பளபளப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, நாருக்குள் இறங்குவதில்லை. எழுதியவர் தவறை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திருத்தி எழுத முடிந்தது இதனால்தான். இப்போதும் அதே சுலபத்தில் அது அழியும். நுண்தூரிகையில் ஒரு துளித் தண்ணீரை ஒரு புள்ளியின் ஓரத்தில் வைத்து, ஐந்து நொடி கழித்து உறிஞ்சுதாள் முனையால் ஒற்றினால் கருப்பு ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். ஆகவே கழுவுதல், ஈரப்பதப் பெட்டியில் வைத்துச் சுருக்கம் எடுத்தல் இரண்டும் இந்த நூலுக்குக் கிடையாது. மை தப்பினாலும், கோட்டிலுள்ள செம்பு ஈரத்தோடு பக்கத்து நாருக்குப் பரவும். ஆறு மாதம் கழித்துப் பழுப்பு வட்டம் அகன்றிருக்கும்.

கருப்பு மை எத்தனாலைத் தாங்கும். சிவப்புத் தலைப்புகளை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஜாதிலிங்கச் சிவப்பு அசையாது. அரக்குச் சாயச் சிவப்பு எத்தனாலில் கரையும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

தூசிக்கு மென்மயிர்த் தூரிகையும் ரப்பர் ஸ்பாஞ்சும் போதும். ஸ்பாஞ்சை ஓரத்திலும் முதுகுப் பள்ளத்திலும் மட்டும் பயன்படுத்த வேண்டும், வண்ணத்தின் மேலும் பச்சைக் கோட்டின் மேலும் படக் கூடாது.

பழைய பழுதுபார்ப்பை எடுத்தல்

அசல் தையல் போனபின் யாரோ குத்துத் தையல் போட்டிருப்பார்கள். முதுகிலிருந்து 8 அல்லது 10 மில்லிமீட்டர் உள்ளே, எல்லாத் தாளையும் சேர்த்துத் துளைத்து இழுத்த தையல். புத்தகம் அதற்குப்பின் விரியாது. விரிக்கும் விசை முழுவதும் முதுகுக்கு மிக அருகிலுள்ள பச்சைக் கோட்டின் மேல் விழும். அறுந்த தாள்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டில் அறுந்திருப்பது இதனால்தான். தையலைத் தாளுக்குத் தாள் வெட்டி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

முதுகுப் பசையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பூச்சி வராமல் இருக்க பைண்டர்கள் கோதுமைப் பசையில் மயில்துத்தம் கலப்பது வெகுநாள் வழக்கம். மயில்துத்தம் என்பது செம்பு சல்ஃபேட். பச்சைக் கோட்டில் இருக்கும் அதே எதிரியை முதுகிலும் பூசிய மாதிரி. பசைக்கு நீலப்பச்சைச் சாயல் இருந்தால் முதலில் மூங்கில் சீவலாலும் மழுங்கிய கத்தியாலும் உலர்வாகச் சுரண்டி எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுக்க வேண்டும். மிச்சத்துக்கு மட்டும் 5 சதவீத மீதைல் செல்லுலோஸ் கூழை, ஒரு திசுத்தாள் இடையிட்டு, 10 நிமிடம் வைக்கலாம். கூழை நேரடியாக முதுகில் அப்பினால் துத்தம் கரைந்து மடிப்புக்குள் இறங்கும்.

செல்லோடேப்பின் மேல்பட்டையைச் சூடான சிறு கரண்டியால் தூக்கலாம். அடியில் நிற்கும் பிசினை ரப்பர் அழிப்பானால் உருட்டி எடுக்க வேண்டும். மஞ்சளாகி நாருக்குள் இறங்கிய கறையை அப்படியே விட்டுவிடுவது நல்லது. தாள் முழுவதும் பட்டுவலையோ செல்லுலோஸ் அசிட்டேட்டோ ஒட்டியிருந்தால் அது தனி வேலை. அதை இந்தப் பட்டியலில் சேர்க்காமல், தாளுக்குத் தாள் சோதித்துத்தான் தொட வேண்டும்.

உரியும் வண்ணத்துக்கு உருப்பெருக்கியின் கீழ் மீன்பசை, அதாவது ஐசிங்கிளாஸ், 1 சதவீதம். முதலில் ஒரு துளி எத்தனாலை விரிசலுக்குள் விட்டால் பின்னால் வரும் பசை தானாக உள்ளே இழுக்கப்படும். ஈயவெள்ளையில் தீட்டிய இடங்கள் காற்றிலுள்ள கந்தகத்தால் கருத்துவிடலாம். காப்பிய வீரன் ருஸ்தம் கொல்லும் வெள்ளை தேவ் என்ற அரக்கன் சாம்பல் கருப்பாக நின்றால் அதைத் திரும்ப வெளுக்க வைக்கும் வேதிமுறைகள் உண்டு. சுற்றியுள்ள பச்சைக்கும் காகிதத்துக்கும் அவை ஆகாது. கருப்பாகவே இருக்கட்டும்.

பச்சைக் கோட்டை இணைத்தல்

இங்கே கோதுமைப் பசையைத் தூரிகையில் எடுத்துத் தடவக் கூடாது. பசையை முன்கூட்டியே திசுத்தாளில் பூசி உலரவைத்து, ஒட்டும் நேரத்தில் அதை மட்டும் உயிர்ப்பிக்க வேண்டும். இரண்டு வகை தயாராக இருக்க வேண்டும்.

முதல் வகை, 3.5 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 3.5 கிராம்) ஜப்பானியத் திசுத்தாள், எத்தனாலில் கரையும் செல்லுலோஸ் பசையான கிளூசல் ஜி. 100 மில்லி எத்தனாலில் 4 கிராம் கிளூசலைக் கலக்கிக்கொண்டே தூவி ஒரு இரவு விட்டால் கட்டியில்லாமல் கரையும். இரண்டாவது, 5 ஜிஎஸ்எம் திசுத்தாள், ஜெலட்டின். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் போட்டு அரை மணி ஊறவைத்து, 45 டிகிரிக்கு மேல் போகாமல் சூடாக்கிக் கரைக்க வேண்டும். கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். இரண்டுக்கும் பூசும் முறை ஒன்றே. பாலியெஸ்டர் தாளின் மேல் நைலான் வலையை விரித்து, அதன் வழியே பசையைத் தடவி, வலையை எடுத்துவிட்டுத் திசுத்தாளைப் படியவிட வேண்டும். வலை இல்லாமல் தடவினால் ஒரு இடம் தடிப்பாக, ஒரு இடம் வெறுமையாக நிற்கும்.

கோடு விரிந்திருக்கிறது, ஆனால் இன்னும் அறவில்லை என்றால் கிளூசல். துளி எத்தனாலில் உயிர்ப்பிக்கலாம், தண்ணீரே இல்லை. ஆனால் அதன் பிடி மென்மையானது. முழுதாக அறுந்த இடத்தில் சில திருப்பல்களிலேயே கழன்றுவரும். அங்கே ஜெலட்டின். அரக்குச் சிவப்பு பக்கத்தில் இருந்தாலும் ஜெலட்டின்தான்.

ஜெலட்டினை உயிர்ப்பிக்கும் விதத்தில்தான் வேலை கெடுவதும் நல்லபடி முடிவதும். தட்டில் ஈர ஸ்பாஞ்ச் துணி, அதன் மேல் இரண்டு உறிஞ்சுதாள். பசைப்பக்கம் கீழே இருக்கும்படி பட்டையை அதில் வைத்து மூன்று முதல் ஐந்து நொடி. இடுக்கியால் தூக்கி முதலில் ஒரு கழிவுத் தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஈர வளையம் தெரிந்தால் ஈரம் அதிகம், உறிஞ்சுதாள் இன்னொன்று சேர்க்க வேண்டும். பட்டை மங்கலான பளபளப்போடு, விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் இருந்தால் சரி. வைத்ததும் உலர்ந்த உறிஞ்சுதாளால் அழுத்தி, உடனே தாளை மாற்றி, 20 நிமிடம் எடையின் கீழ் விட வேண்டும்.

பட்டையின் அகலம் 4 முதல் 5 மில்லிமீட்டர். திசுத்தாளின் நீண்ட நார் கோட்டுக்குக் குறுக்கே ஓட வேண்டும். நார் கோட்டோடு சேர்ந்து ஓடினால் பட்டையே அதே கோட்டில் கிழியும். எழுத்தின் மேல் படாமல் ஓரப்பக்கம் அதிகமாகவும் எழுத்துப்பக்கம் குறைவாகவும் தள்ளி வைக்கலாம். தடித்த தாளைப் போட்டால் வலுவாக இருக்கும் என்று தோன்றும். 12 ஜிஎஸ்எம் பட்டை போட்ட தாள்கள் பட்டையின் விளிம்பிலேயே புதிதாக ஒடியும், ஏனென்றால் கோட்டை ஒட்டிய நாரும் ஏற்கெனவே பாதி செத்தது.

முற்றிலும் கழன்ற நடுப்பகுதியை நேராக ஒட்ட ஆரம்பிக்கக் கூடாது. ஒளிமேசையில் பொருத்தி, 2 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குறும்பாலங்களை 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே வைத்து நிறுத்த வேண்டும். கோட்டில் அரை மில்லிமீட்டர் காகிதம் தூளாகப் போயிருக்கும். அந்த இடைவெளியை மூட நினைத்து இழுத்து ஒட்டினால் நாலாவது மூலையில் மடிப்பு விழும். இடைவெளியை அப்படியே விட வேண்டும், பட்டை அதைத் தாங்கும். மூலைகளில் பட்டையைத் திருப்பாமல் நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். முதலில் அறுவது எப்போதும் மூலைதான். அங்கே இரண்டு பட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் விறைப்பு கூடும்.

ஓரத்தில் காணாமல் போன துண்டுகளுக்கு 20 முதல் 30 ஜிஎஸ்எம் கோஸோ என்ற ஜப்பானியத் தாள், அசலைவிட ஒரு சாயல் வெளிர். கோட்டிலிருந்து தள்ளி இருக்கும் இடம் என்பதால் இங்கே கெட்டியான கோதுமைப் பசை தாராளமாக வரலாம். தேநீர்ச் சாயம் அமிலத்தன்மை உள்ளது, வேண்டாம். நிறம் பொருந்தியும் மினுக்கம் பொருந்தாமல் கண்ணை உறுத்தினால், ஒட்டுவதற்கு முன்பே அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். புழுத்துளைகளில் 2 மில்லிமீட்டருக்குச் சிறியவற்றை அடைக்கத் தேவையில்லை. 600 தாளில் எல்லாத் துளையையும் அடைத்தால் அந்த இடம் மேடு தட்டும்.

முதுகு வீக்கக் கணக்கு

மடிப்பு பிளந்து ஒற்றையான தாள்களை ஜோடியாக்க முதுகுமடிப்பில் பட்டை ஒட்ட வேண்டும். 560 தாள், ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த நான்கு ஜோடிக்கு ஒரு கட்டு என்றால் 70 கட்டு, 280 மடிப்பு. 0.04 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டையை எல்லா மடிப்பிலும் போட்டால், மடிப்புக்கு இரண்டு தடிப்பு வீதம் முதுகு 22 மில்லிமீட்டர் வீங்கும். பழைய அட்டை அதற்கப்புறம் பொருந்தாது. 0.02 மில்லிமீட்டர் பட்டையானால் 11. பிளந்த மடிப்புக்கு மட்டும் போட்டு, முழுசாக இருப்பவற்றை விட்டுவிட்டால் இன்னும் குறையும். தையல் நூலும் இதே கணக்கில்தான் வரும். 70 கட்டுக்கு நடுவே 0.3 மில்லிமீட்டர் நூல் ஓடினால் அழுத்துவதற்கு முன் 21 மில்லிமீட்டர். அதனால் மெல்லிய பட்டுநூல். இந்தப் பிரதிகளின் அசல் தையலும் பட்டுதான்.

போட வேண்டியது கயிறோ பட்டையோ இல்லாத சங்கிலித் தையல். வழக்கம் இரண்டு நிலையம், அதாவது நூல் மடிப்பைத் துளைத்து வரும் இடம். இந்த எடைக்கு நான்கு நிலையம் வைத்தால் கட்டுகள் நழுவாது. பழைய துளைகளே போதும், புதுத்துளை போட வேண்டாம். ஒவ்வொரு நிலையத்திலும் ஊசி வெளியே வந்து, கீழ்க்கட்டின் கண்ணியைப் பின்னால் சுற்றிக்கொண்டு உள்ளே திரும்ப வேண்டும். இழுப்பு முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் மடிப்பு கிழியும். முடித்ததும் முதுகைத் தட்டையாகவே விட்டு, மெல்லிய பருத்தித் துணியைக் கோதுமைப் பசையால் ஒட்டி, இரண்டு பக்கமும் 3 சென்டிமீட்டர் நீட்டிவிட வேண்டும். அட்டையைப் பிடிப்பது இந்தத் துணிதான். தலையிலும் அடியிலும் ஒரு மெல்லிய தோல்வார். ஒவ்வொரு கட்டின் நடுவிலும் இறக்கிக் கட்டிய பாவு நூல்கள் மேல் இரண்டு நிறப் பட்டுநூலை ஏறியிறங்க ஓட்டினால் முதலை முதுகு போல கோணவரி வரும். முதல் ஓட்டத்தில் ஒரு நூலைத் தவறவிட்டாலும் வரி முழுவதும் சாய்ந்துவிடும், பிரித்துத்தான் போட வேண்டும்.

அட்டை தாளளவே இருக்கும், வெளியே நீளாது. இந்தியப் பிரதிகளில் முன்விளிம்பை மூடும் மடக்குநாக்கு பெரும்பாலும் இருக்காது, இல்லாததைச் சேர்க்க வேண்டாம். மெருகு பூசிய காகிதக்கூழ் அட்டையில் உரியும் விளிம்புக்கு மீன்பசை. தோல் தூளானால் எத்தனாலில் 2 சதவீத கிளூசல்.

தைத்து முடித்ததும் நூலை ஆப்புத்தாங்கிகளில் வைத்து 100 டிகிரிக்கு மேல் விரிக்காமல், முன், நடு, பின் என மூன்று இடத்தில் திறந்து பார்க்க வேண்டும். வளைவு முதுகில் விழுகிறதா, உட்கோட்டில் விழுகிறதா? கோட்டில் விழுந்தால் முதுகுத் துணியின் பசை விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம், அதை இளக்கி மறுபடி ஒட்ட வேண்டும். பிறகு அமிலமற்ற பெட்டியில் கிடையாக வைக்கலாம், ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம். ஓவியங்களுக்கு நேரே மட்டும் இடைத்தாள், எல்லாத் தாளுக்கும் போட்டால் புதுத்தையல் பிதுங்கும். பெட்டியின் உட்புறம் ஒரு சீட்டு: எந்தத் தாள்களில் கிளூசல், எந்தத் தாள்களில் ஜெலட்டின், எந்தத் தேதி. ஆறு மாதம் கழித்து அதே தாள்களை எடுத்து, பின்பக்கப் பழுப்பு நிழல் பட்டையைத் தாண்டிப் போயிருக்கிறதா என்று முதலில் எடுத்த படங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.